300 மில்லிகிராம் வைக்கோல்

அரியானாவின் பானிபட்டில், இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி, 2022 ஆகஸ்ட் 10 அன்று ஓர் எத்தனால் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் நெல் வைக்கோலை வாங்கி, 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். பஞ்சாபிலும் அரியானாவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோல் அது. அந்தப் புகை டெல்லிவரை போய் மூச்சை அடைப்பது வருடாவருடம் செய்தியாகிறது. கொளுத்துவதை விட்டுவிட்டு வண்டிக்கு எரிபொருளாக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் இப்படி ஓர் ஆலையைத் திட்டமிட உட்காருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, இந்த வைக்கோலில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது. அதற்கு விடை, ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் போடப்படும் 300 மில்லிகிராம் தூளிலிருந்து வருகிறது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைதான் அது. அதிலிருந்து வரும் சதவீதத்தை லட்சக்கணக்கான டன்னோடு பெருக்கித்தான் கொதிகலன் எத்தனை, தொட்டி எத்தனை, வங்கிக் கடன் எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது, அதை எதுவரை நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

வைக்கோலை மென்றால் இனிப்பதில்லை. பச்சைத் தாளில் கொஞ்சம் கரையும் சர்க்கரை உண்டு. காய்ந்து, மழையில் நனைந்து, களத்தில் கிடந்தபின் அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருக்கும் சர்க்கரை செடியின் உடம்பாகவே மாறிப்போனது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலிதான் செல்லுலோஸ். அரிசியில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். இரண்டுக்கும் கண்ணி பிணையும் கோணத்தில்தான் வித்தியாசம். அந்தக் கோணத்தால் செல்லுலோஸ் சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்கிப் படிந்து, தண்ணீர்கூட உள்ளே புக முடியாத படிக இழைகளாகிவிடுகின்றன. அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் படர்ந்திருக்கிறது. நெல் வைக்கோலில் அதன் பெரும்பகுதி சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை. ஓரளவு அரபினோஸும் உண்டு. இந்த இரண்டையும் லிக்னின் இறுகப் பிடித்திருக்கிறது. அது சர்க்கரையே அல்ல. நெல் என்பதால் இத்தனைக்கும் மேல் சிலிக்காவும் உண்டு. வைக்கோல் அள்ளியவர் கையை அறுப்பது அதுதான்.

கரும்புத் தோட்டத்தில் சர்க்கரை பார்ப்பது எளிது. சாற்றில் ஒரு சொட்டு எடுத்துக் கையடக்க ஒளிவிலகல்மானியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் பிரிக்ஸ் தெரிந்துவிடும். ஆனால் அது காட்டுவது கரைந்திருக்கும் திடப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். சாற்றில் உள்ள உப்பும் அதில் அடக்கம். கரும்புச் சாற்றில் பெரும்பங்கு சர்க்கரை என்பதால் அந்த எண் பயன்படுகிறது. வைக்கோலை ஊறவைத்த தண்ணீரில் அதே கருவியை வைத்தால் பொட்டாசியம் உப்பையும் கறையையும்தான் அளப்போம். கரையாத சர்க்கரையை அளக்க வேண்டுமானால் முதலில் அதைக் கரைத்தாக வேண்டும். அதாவது, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்க வேண்டும்.

இதை முதலில் செய்து காட்டியவர் பிரான்சின் நான்சி நகரத்து வேதியியலாளர் ஆன்றி பிராக்கனோ. 1819-இல் அவர் கந்தல் லினன் துணியையும் மரத்தூளையும் அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, அமிலத்தைச் சுண்ணாம்பால் போக்கிச் சர்க்கரை எடுத்தார். எடுத்துக்கொண்ட துணியின் எடையைவிடக் கிடைத்த சர்க்கரையின் எடை கூடுதலாக இருந்தது. இது எப்படி என்று பிறகு பார்க்கலாம். இன்றைய ஆய்வகங்கள் பின்பற்றும் முறையின் எலும்புக்கூடு அப்படியே பிராக்கனோவினுடையதுதான். இருநூறு ஆண்டுகளில் ஏறியது கட்டுப்பாடு.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்ற பெயரில் இயங்கிவந்த நிறுவனம் வகுத்த செய்முறையைத்தான் உலகெங்கும் பெரும்பாலான ஆய்வகங்கள் இன்று கையாள்கின்றன. அதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

முதலில் வைக்கோலை உலர்த்த வேண்டும். ஆனால் 45 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது. அதிகச் சூட்டில் அதன் வேதியியலே மாறிவிடும். ஈரத்தை அறிய மட்டும் தனியாக ஒரு பங்கை 105 டிகிரியில் வைத்து எடை பார்ப்பார்கள். அடுத்து அரைப்பது. பெருந்தூளாக இருந்தால் அமிலம் நடுவரை போகாது. மாவாக அரைத்தால் சர்க்கரை சீக்கிரமே விடுபட்டு, அமிலத்தில் கிடந்து கெட்டுவிடும். அதனால் நடுத்தரமான தூளைச் சலித்து எடுக்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சல்லடைக்குக் கீழே விழும் நுண்தூளில்தான் மண்ணும் சாம்பல் சத்தும் மிகுதி. அதை எறிந்துவிட்டு மேலே நின்றதை மட்டும் அளந்தால், வண்டியில் வந்த வைக்கோலைவிடச் சுத்தமான வைக்கோலின் கணக்கு வரும். நுண்தூளை எறிந்தீர்களா, வைத்திருந்தீர்களா என்று கேட்காமல் எந்த அட்டவணையையும் ஏற்கக்கூடாது.

பிறகு தூளை முதலில் நீரிலும் அடுத்து எத்தனாலிலும் மணிக்கணக்கில் வடித்து, கரையக்கூடியதையெல்லாம் வெளியேற்றுவார்கள். மெழுகு, நிறமி, மிச்சமிருக்கும் சர்க்கரை எல்லாம் இதில் போகும். இவை உள்ளேயே இருந்தால் பின்னால் அமிலத்தில் கருகி லிக்னின் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

இப்போது 300 மில்லிகிராம் தூள் சோதனைக் குழாயில் விழுகிறது. அதன்மேல் 72 சதவீதக் கந்தக அமிலம், 3 மில்லிலிட்டர். குழாய் 30 டிகிரி நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் நிற்கும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோலால் கிளற வேண்டும். குழாயை வெளியே எடுக்காமலே, தொட்டிக்குள் வைத்தபடியே கிளறுவார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்த தூள் பழுப்பாகி, பிசினாகி, கடைசியில் கருங்குழம்பாகும். இந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது, படிக இழைகள் பிரிந்து உப்புவது. கண்ணிகள் முழுதாக அறுபட இது போதாது. அதற்காக 84 மில்லிலிட்டர் நீர் சேர்த்து அமிலத்தை 4 சதவீதத்துக்கு இறக்கி, புட்டியை மூடி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் மேலும் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். அப்போதுதான் சங்கிலிகள் குளுக்கோஸாகவும் சைலோஸாகவும் உதிர்கின்றன.

இங்கேதான் இந்த அளவீட்டின் மையச் சிக்கல் இருக்கிறது. சர்க்கரையை விடுவிக்கும் அதே சூடும் அமிலமும் விடுபட்ட சர்க்கரையை அழிக்கவும் செய்கின்றன. சைலோஸ் ஃபர்ஃபுராலாகிறது, குளுக்கோஸ் ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபுராலாகிறது. நேரத்தைக் குறைத்தால் சங்கிலி அறுபடாமல் நிற்கும், கூட்டினால் சர்க்கரை கெடும். இரண்டுக்கும் நடுவே இழப்பே இல்லாத ஒரு நேரம் என்று எதுவும் கிடையாது. அதனால் இழப்பை ஒப்புக்கொண்டு அதையும் அளக்கிறார்கள். எடை தெரிந்த தூய குளுக்கோஸ், தூய சைலோஸ் முதலியவற்றை அதே 4 சதவீத அமிலத்தில் கரைத்து, அதே ஆட்டோகிளேவில், வைக்கோல் புட்டிகளோடு கூடவே வைக்கிறார்கள். திரும்பி வந்தது எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்தில் வைக்கோல் கணக்கைத் திருத்துகிறார்கள். சைலோஸின் இழப்பு எப்போதும் குளுக்கோஸைவிடக் கூடுதல்.

அழகான யோசனைதான், ஆனாலும் முழுமையான திருத்தம் அல்ல. தூய சர்க்கரை அந்த ஒரு மணி நேரமும் அமிலத்தில் கிடக்கிறது. வைக்கோலிலிருந்து விடுபடும் சர்க்கரையோ சங்கிலி அறுபட்ட பிறகுதான் அமிலத்திடம் சிக்குகிறது. ஆகவே திருத்தம் உண்மை இழப்பைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழை இது. எல்லா ஆய்வகமும் ஒரே மாதிரி செய்வதால் ஒப்பிட முடிகிறது.

புட்டி ஆறியதும் வடிகட்டுகிறார்கள். மேலே நிற்கும் கரும்பொடியை உலர்த்தி எடை பார்த்தால் லிக்னின். சுவீடன் வேதியியலாளர் பீட்டர் கிளாசன் பெயரில் கிளாசன் லிக்னின் என்று சொல்வது அதைத்தான். நெல் வைக்கோலில் அங்கேயே நிறுத்தினால் பெரும் தவறு நேரும். அந்தப் பொடிக்குள் சிலிக்காவும் இருக்கிறது. 575 டிகிரி உலையில் எரித்து மிஞ்சும் வெண்சாம்பலைக் கழித்தால்தான் லிக்னின் எடை சரியாகும். நெல் வைக்கோலில் சாம்பல் 15 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம்.

கீழே இறங்கிய திரவத்தில்தான் நாம் தேடும் சர்க்கரை. அதில் கால்சியம் கார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ, நுரைத்துக்கொண்டு அமிலம் அடங்கும். பி.எச். 5-க்கும் 6-க்கும் நடுவே நிறுத்த வேண்டும். 6-ஐத் தாண்டினால் அந்தப் புட்டியைக் கொட்டிவிடுவதே முறை. சர்க்கரைகள் உருமாறத் தொடங்கிவிடும். தெளிந்த நீரை எச்.பி.எல்.சி. கருவிக்குள் செலுத்துகிறார்கள். ஈய அயனி ஏற்றிய பிசின் நிரப்பிய குழாய் வழியே சூடான நீர் ஓட, ஒவ்வொரு சர்க்கரையும் தன் வேகத்தில் பிரிந்து, தனித்தனி முகடாகத் திரையில் எழும்: குளுக்கோஸ், சைலோஸ், கேலக்டோஸ், அரபினோஸ், மேனோஸ். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது இந்த ஐந்தையும் அல்ல. குளுக்கோஸுக்கு முன்னால் செல்லோபயோஸ் முகடு எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு மிகுதியாகத் தெரிந்தால் சங்கிலி சரியாக அறுபடவில்லை; மொத்த வேலையையும் மறுபடி தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். கரைசலின் மொத்தக் கொள்ளளவு 86.73 மில்லிலிட்டர். குளுக்கோஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 1.30 மில்லிகிராம் என்று கருவி காட்டுகிறது. ஆக, மொத்தம் 112.7 மில்லிகிராம். தூய குளுக்கோஸில் 95 சதவீதம்தான் திரும்பி வந்தது என்றால், திருத்திய அளவு 118.7. இதை 0.90-ஆல் பெருக்க வேண்டும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி அறுபடும்போதும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்துகொள்கிறது. 162 எடையுள்ள கண்ணி 180 எடையுள்ள குளுக்கோஸாக வெளியே வருகிறது. பிராக்கனோவின் துணியைவிட அவருடைய சர்க்கரை கனத்தது இதனால்தான். ஐந்து கார்பன் சர்க்கரைகளுக்கு இந்த எண் 0.88. பெருக்கினால் செல்லுலோஸ் 106.8 மில்லிகிராம்.

இதை 300-ஆல் வகுத்தால் 35.6 சதவீதம். ஆனால் அந்தத் தூளில் 8 சதவீதம் ஈரம் இருந்தது என்றால், உண்மையில் அதில் இருந்த வைக்கோல் 276 மில்லிகிராம்தான். அதனால் வகுத்தால் 38.7 சதவீதம். இரண்டுமே சரியான எண்கள். முதலாவது ஈர எடைக்கு, அடுத்தது உலர் எடைக்கு. உலர் எடைச் சதவீதத்தைக் கொண்டுபோய் எடைமேடையில் ஈரத்தோடு நின்ற 2 லட்சம் டன்னோடு பெருக்கினால், சுமார் 6,000 டன் செல்லுலோஸ் காகிதத்தில் மட்டும் முளைத்துவிடும். கோட்பாட்டுக் கணக்கில் அது 43 லட்சம் லிட்டர் எத்தனால். ஒரு சொல் விடுபட்டதற்கு இத்தனை.

எச்.பி.எல்.சி. எல்லா இடத்திலும் கிடையாது. நம் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது டி.என்.எஸ். சோதனை. டைநைட்ரோசாலிசிலிக் அமிலக் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால், சர்க்கரை இருந்தால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாகும். 540 நானோமீட்டரில் நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து அளவு சொல்லலாம். இந்த வினைப்பொருளை 1921-இல் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் சம்னர். அவருடைய நோக்கம் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது. பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் வேறு. ஒற்றைக் கையோடு வேதியியலுக்குள் வந்து, 1926-இல் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, 1946-இல் நோபல் பரிசு பெற்றார். 1959-இல் மில்லர் என்பவர் அந்தச் செய்முறையைச் சீரமைத்து எழுதிய கட்டுரைதான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது.

சிறுநீரில் தேடப்படுவது குளுக்கோஸ் ஒன்றுதான் என்பதால் அங்கே இது பொருந்தியது. வைக்கோல் கரைசலில் நிலைமை வேறு. டி.என்.எஸ். எந்தச் சர்க்கரை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒடுக்கும் முனை எங்கே இருந்தாலும் நிறம் காட்டும். சைலோஸுக்கும் குளுக்கோஸுக்கும் ஒரே எடையில் ஒரே நிறம் வராது. இரண்டு குளுக்கோஸ் கொண்ட செல்லோபயோஸுக்கு ஒடுக்கும் முனை ஒன்றுதான். ஃபர்ஃபுராலும் லிக்னின் உடைசல்களும் தங்கள் பங்குக்குக் குழப்பும். ஒரே வைக்கோலை ஒரே ஆய்வகத்தில் இன்றும் நாளையும் ஒப்பிட டி.என்.எஸ். நல்ல கருவி. அதில் வந்த எண்ணை வைத்து ஆலை கட்டும் பேச்சைத் தொடங்குவது ஆபத்து. மாணவர்களின் ஆய்வேடுகளில் டி.என்.எஸ். எண் மொத்தச் சர்க்கரை என்ற தலைப்பின்கீழ் வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். உழைப்பு உண்மையானது, தலைப்பு அதைப் பாழாக்கிவிடுகிறது.

இதுவரை அளந்தது வைக்கோலில் இருக்கும் சர்க்கரை. எடுக்கக்கூடிய சர்க்கரை வேறு. ஆலையில் 72 சதவீத அமிலத்தை ஊற்றி வேலை செய்வதில்லை. வைக்கோலை அழுத்த நீராவியாலும் நீர்த்த அமிலத்தாலும் பதப்படுத்தி, பின்னர் நொதிகளைக் கொண்டு சங்கிலியை அறுப்பார்கள். அந்த நொதிகளைத் தரும் பூஞ்சை இரண்டாம் உலகப் போரில் கண்டெடுக்கப்பட்டது. சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்ற பூஞ்சை அது. எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் மாசசூசெட்ஸின் நேட்டிக் ஆய்வகத்தில் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரீஸின் பெயரிலேயே அது டிரைக்கோடெர்மா ரீசி ஆயிற்று. நொதியின் வலிமையை அளக்க உலகம் ஏற்ற முறையை 1987-இல் எழுதி வெளியிட்டவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் டி. கே. கோஷ். 50 மில்லிகிராம் வாட்மன் வடிதாள் துண்டு, 50 டிகிரி, ஒரு மணி நேரம், விடுபட வேண்டியது 2 மில்லிகிராம் குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸைப் பார்ப்பதும் சம்னரின் நிறத்தால்தான்.

வடிதாள் தூய செல்லுலோஸ், வைக்கோல் அப்படியல்ல. ஆகவே பதப்படுத்திய வைக்கோலிலேயே நொதியைப் போட்டு, மூன்று நாள்வரை வைத்து, எவ்வளவு குளுக்கோஸ் வந்தது என்று பார்க்கிறார்கள். இந்த எண்ணைச் சொல்லும்போது எத்தனை நொதி போட்டார்கள் என்பதையும் தண்ணீரில் எவ்வளவு வைக்கோல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வைக்கோலை வைத்தால் நொதி தாராளமாக நீந்தி வேலை செய்யும். ஆலையில் அவ்வளவு தண்ணீரைக் காய்ச்சி வடிக்க முடியாது. பதினைந்து, இருபது பங்கு வைக்கோலைத் திணித்தாக வேண்டும். அப்போது கலவை சேறுபோல் இறுகும், விடுபட்ட குளுக்கோஸே நொதியைத் தடுக்கும், விளைச்சல் சரியும். அடுத்து ஈஸ்ட். சாராய ஈஸ்டுக்கு இயல்பாகக் குளுக்கோஸ்தான் உணவு. சைலோஸை அது தொடாது. சைலோஸையும் நொதிக்க வைக்கத் தனியாக மரபு மாற்றிய ஈஸ்ட் வேண்டும். சர்க்கரை வகைகளைத் தனித்தனியாக அளக்காமல் மொத்தமாக ஓர் எண் சொன்னால், ஈஸ்டுக்குப் பயன்படாத பங்கும் வருமானக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பானிபட் எண்களுக்குத் திரும்புவோம். உலர்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 36, ஹெமிசெல்லுலோஸ் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னிலிருந்து கோட்பாட்டளவில் 400 லிட்டர் எத்தனால் வர வேண்டும். ஒரு கிராம் குளுக்கோஸ் 0.51 கிராமுக்கு மேல் எத்தனால் தராது. மீதி கரியமில வாயுவாகப் போவதை யாராலும் தடுக்க முடியாது. அதைக் கழித்த பிறகும் இந்த 400. ஆலையின் அறிவிக்கப்பட்ட கணக்கோ, 2 லட்சம் டன்னுக்கு 3 கோடி லிட்டர். டன்னுக்கு 150 லிட்டர். இந்த இடைவெளியைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஈரம், சாம்பல், பதப்படுத்தும்போது கெடும் சைலோஸ், நொதிக்கு எட்டாத மூலை, ஈஸ்ட் தன் உடம்புக்கு எடுத்துக்கொள்வது என்று ஒவ்வொரு படியிலும் இறங்கித்தான் வருகிறது. 400 லிட்டர் வரும் என்று விளம்பரம் செய்கிறவர்களைவிட, 150 என்று திட்டமிடுகிறவர்களைத்தான் நான் நம்புவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை அமிலத்திலும் இல்லை, கருவியிலும் இல்லை. எந்தச் சிட்டிகையை எடுத்தோம் என்பதில் இருக்கிறது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்களில் ஆண்டு முழுவதுக்குமான வைக்கோலைக் கட்டிச் சேர்த்தாக வேண்டும். இயந்திரம் தாழ இறங்கி வாரினால் மண்ணும் சேர்ந்து வரும். போரின் மேல்கட்டு மழையில் நனையும், அடிக்கட்டு தரையீரத்தை உறிஞ்சும். நமக்கு முன்பே பூஞ்சை அந்தச் சர்க்கரையைச் சாப்பிடத் தொடங்கியிருக்கும். தண்டிலும் இலையிலும் சர்க்கரை ஒரே அளவு இல்லை. இப்படிப்பட்ட போரிலிருந்து கைக்கு எட்டிய கட்டில் ஒரு பிடி உருவி, ஆய்வகத்தில் மூன்று தசம இடம்வரை துல்லியமாக அளப்பது வீண் வேலை. பல கட்டுகளில் துளைக்குழாயை நடுவரை இறக்கி எடுத்து, கலந்து, குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி குவித்துப் பகுத்து, அப்படிச் சுருக்கிச் சுருக்கி வந்த 300 மில்லிகிராமுக்குத்தான் அந்தப் போரைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

அமில முறையில் ஒரு மாதிரிக்கு நாட்கள் ஆகும். வாசலில் லாரி அதுவரை நிற்காது. அதற்கு வந்த வழி அண்மை அகச்சிவப்பு ஒளி. தூளின்மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதைப் பதிவு செய்தால், செல்லுலோஸும் லிக்னினும் நீரும் தங்கள் தடயத்தை அதில் விட்டிருக்கும். நூற்றுக்கணக்கான வைக்கோல் மாதிரிகளை அமில முறையிலும் அளந்து, இரண்டையும் பொருத்திக் கற்றுக்கொடுத்தால், கருவி ஓரிரு நிமிடத்தில் சதவீதம் சொல்லும். கற்றுக்கொடுத்த எண்களில் பிழை இருந்தால் அதே பிழையோடுதான் சொல்லும். சோளத் தட்டைக்குக் கற்ற கருவி நெல் வைக்கோலுக்கு உதவாது. சிலிக்கா அந்த ஒளியை விழுங்குவதில்லை என்பதால் சாம்பலை அது நேரடியாகப் பார்ப்பதும் இல்லை. மற்றவற்றின் தேய்வைக் கொண்டு ஊகிக்கிறது.

இந்தக் கருவியை ஆலையின் எடைமேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் விவசாயி. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை சர்க்கரை மீட்பு விகிதத்தோடு கட்டப்பட்டது. 2022-23 பருவத்தில் 10.25 சதவீதம் அடிப்படை, அதற்கு மேல் ஏறினால் விலையும் ஏறும். வைக்கோலையும் அப்படி வாங்கலாம். ஈரம், சாம்பல், சர்க்கரை மூன்றும் உலர் எடைக் கணக்கில் ரசீதில் அச்சாகி விற்பவர் கையில் போகட்டும். மண் வாராமல் இயந்திரத்தை உயர்த்தி ஓட்டியவருக்கும் கட்டைத் தார்ப்பாய் போட்டுக் காத்தவருக்கும் குவிண்டாலுக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கட்டும். அடுத்த அறுவடையில் வாருவதும் கட்டுவதும் அடுக்குவதும் அந்த ரசீதைப் பார்த்தே மாறும்.